பதினொன்றாம் குறி

"உங்கக்காவுக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்று பேராசிரியர் என்னைக் கேட்டார். அக்கா பக்கத்திலேயே நின்றாள். நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியெங்கும் ஈதர் என்று கண்ணுக்குத் தெரியாத ஒன்று நிறைந்திருக்கிறது, பூமி அதைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது என்பது அவர் நம்பிக்கை. அதைக் காட்டத்தான் நிலவறையில், பாதரசத் தொட்டியில், ஒரு கல்மேடை மிதந்தது. அதன்மேல் ஒரே வெளிச்சத்தை இரண்டாகப் பிரித்து, குறுக்கும் நெடுக்குமாக ஓடவிட்டு, கண்ணாடிகளால் திருப்பிச் சேர்த்தால் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் தெரியும். ஈதர் எதிரே வீசுவது உண்மையானால், கல் சுழலும்போது கோடுகள் நகரவேண்டும். அதிராதிருக்கத் துணிச்செருப்பு போட்டுக்கொண்டு, தொலைநோக்கியில் கண் வைத்தபடி அக்கா கல்லோடு சுற்றுவாள். தொட்டியைச் சுற்றிப் போட்டிருந்த பதினாறு குறிகளிலும் அளவு சொல்வாள், நான் எழுதுவேன். ஆறு மாதமாக ஒரே பதில்தான்: "அசையல."

"இன்னைக்கு நானே பாக்கறேன்" என்றார் பேராசிரியர். "நகர்ந்துச்சுன்னா இவ வேண்டாம், நீ போதும். நகரலன்னா இந்த அறைய இழுத்துப் பூட்டிட்டு ரெண்டு பேரும் வீட்டப் பாத்துப் போங்க."

அக்கா சிரித்தாள். "பூட்டுங்க சார். இல்லாதத இருக்குன்னு நாங்க எப்படிச் சொல்றது? என்னடி ஊமச்சி?"

அவளுக்கென்ன, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு வீடு என்றால் அடுப்படியும் அப்பாவின் பெல்ட்டும்தான். அதிலிருந்து என்னைக் கையைப் பிடித்து இங்கே கூட்டிவந்ததே அக்காதான்.

இங்கே வந்த முதல் நாள் அவள் ஒரு வேடிக்கை காட்டினாள். வெளிச்சம் போகும் வழிக்கு அடியில் உள்ளங்கையை நீட்டினால், அந்தச் சூட்டுக்கே கோடுகள் நெளியும். "மூச்சக்கூட இந்தப் பக்கம் விட்டுடாத, தாயே" என்றாள்.

கல் சுழன்றது. பேராசிரியர் குனிந்தபடி சுற்றினார். பதினொன்றாம் குறியில் ஒரு கண்ணாடி என் மேசையை உரசுவதுபோல் கடக்கும். நான் கையை நீட்டினேன்.

"நகருது!"

அடுத்த சுற்றிலும் நீட்டினேன். அதற்கடுத்த சுற்றிலும்.

"பதினொண்ணுல நகருது! மூணு தடவையும்!" கிழவரின் குரல் உடைந்தது. பிறகு அக்காவிடம் திரும்பினார். "குருடி. ஆறு மாசமா என்னத்தப் புடுங்கிட்டிருந்த?"

அக்கா அவரைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைத் தாண்டி இன்னும் நீண்டிருந்த என் கையைப் பார்த்தாள்.

நான் கையை இழுத்து, பேனாவை எடுத்து, அவர் சொன்ன அளவை எழுதினேன்.

அக்கா துணிச்செருப்பைக் கழற்றினாள். என் காலடியில் ஜோடியாக வைத்தாள். வெறுங்காலோடு படியேறிப் போனாள்.