மடித்து அனுப்பிய ஒழுங்கை

வட்டுக்கோட்டை மிஷன் பெண்பள்ளிக்கூடத்துத் தையலறையில் கடதாசிக் கைப்பணி வகுப்பைத் தொடக்கி வைத்தவர் பிரக்கிராசியார் சிவசுப்பிரமணியம். மல்லாகம் கோட்டில் வழக்குப் பேசிப் பழகிய வாய். 1936ஆம் ஆண்டு ஆவணி மாதத்து வெக்கையில், "கைப்பணியும் நாகரிகமும்" என்ற பொருளில் ஒன்றேகால் மணித்தியாலம் பேசினார். எகிப்துக்குப் போனார், சீனாவுக்குப் போனார், இடையில் இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். தன் சரிகைச் சால்வையைத் தவிர வாழ்நாளில் வேறெதையும் மடித்தறியாத மனிதர், மடிப்பின் மகத்துவத்தைச் சொல்லி முடித்தபோது பதினான்கு பெண்களும் கைதட்டினார்கள். முடிந்துவிட்டதே என்ற சந்தோஷம் கைதட்டலில் நன்றாகக் கேட்டது.

அவருடைய கார் வாசற் படலையைத் தாண்டிய பிறகு, வகுப்பெடுக்கிற நவமணி ரீச்சர் மேசைக்கு வந்தார். பழைய கலண்டர் மட்டை ஒன்றை நடுவில் மடித்தார். மடிப்பின்மேல் கத்தரிக்கோலால் இரண்டு வெட்டு. நடுத்துண்டை விரலால் உள்ளே தள்ளி, மட்டையை மூடி மேசையில் வைத்து, மெல்லத் திறந்தார். உள்ளே சின்னப் படி ஒன்று எழும்பி நின்றது. மூடினார், படுத்தது. திறந்தார், எழும்பியது.

ஒட்டவில்லை, கட்டவில்லை, இரண்டே வெட்டில் தட்டை மட்டைக்குள் ஒரு வீட்டு வாசற்படி இருந்திருக்கிறது. அதுவரை அது எங்கே ஒளித்திருந்தது?

"ரீச்சர், அதை இன்னும் ஒருக்காத் திறவுங்கோ" என்றாள் தங்கமுத்து. ஒன்பது தடவை திறக்கவேண்டி வந்தது.

தங்கமுத்து பூவரசடி ஒழுங்கைக்காரி; இரண்டு பக்கமும் வேலி வைத்த சின்னத் தெரு அது. புருஷன் தம்பிராசா மலாயாவில், சிரம்பான் ரயில்வேக் கந்தோரில் கிளாக்கர். கலியாணம் முடிந்த மூன்றாம் மாதம் கப்பலேறியவர். அதற்கு ஆறு வருஷம் ஆகிவிட்டது. மாதம் தவறாமல் கடிதம் வரும். கடிதத்தில் சிரம்பான் மழை வரும், மேலதிகாரியின் கோபம் வரும், பக்கத்து அறைக்காரரின் இருமல் வரும். அவர் மட்டும் வரமாட்டார். ஆவணியில் வந்த கடிதத்தில் ஒரு புதுச் செய்தி இருந்தது. தை மாதம் பத்தாந் திகதிக்குள் எழுதிக்கொடுத்தால் நீண்ட லீவு கிடைக்குமாம். தவறவிட்டால் இன்னும் மூன்று வருஷம் பொறுக்கவேண்டுமாம். "வந்து பார்க்க அங்கே என்ன இருக்கிறது, பனையும் வேலியும்தானே. யோசிக்கிறேன்" என்று முடித்திருந்தார்.

அந்த "யோசிக்கிறேன்" தங்கமுத்துவின் தொண்டையில் மீன்முள்ளுப் போலக் கிடந்தது. கெஞ்சி எழுதிப் பார்த்தாயிற்று, கோபித்து எழுதிப் பார்த்தாயிற்று. இப்போது படி எழும்பின மட்டையைப் பார்த்ததும் அவளுக்கு வேறு யோசனை பிறந்தது. பனையையும் வேலியையும்தானே இளக்காரமாகச் சொன்னார்? அவற்றையே அனுப்புவோம். எழும்பி நிற்கிறபடி அனுப்புவோம். பிறகு யோசிக்கட்டும்.

அவளோடு கூட வகுப்புக்கு வந்தவள் பக்கத்து வீட்டு வளவைச் சேர்ந்த இரத்தினம்மா. தம்பிராசாவுக்குப் பெரியப்பா மகள், தங்கமுத்துவுக்கு மச்சாள். இரண்டு வளவுக்கும் நடுவே ஒரு முழ நிலத்துக்காகப் பதினொரு வருஷமாக வழக்கு நடக்கிறது. இரத்தினம்மாவின் பக்கம் பேசுகிறவர் பிரக்கிராசியார் சிவசுப்பிரமணியமேதான். வழக்கு இருந்ததற்காக யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வேலியிலிருந்த இடைவெளிப் பொட்டுக்குள்ளால் கறிச்சட்டி போகும், கைக்குழந்தை வரும். தவணை நாளில் இரண்டு வீட்டாரும் ஒரே வண்டிலில் மல்லாகம் போய், கோட்டில் எதிரெதிராக நின்றுவிட்டு, அதே வண்டிலில் திரும்புவார்கள்.

சனிக்கிழமைப் பின்னேரங்கள் அந்தத் தையலறைக்குக் கண்ணூறு படுமளவுக்கு நன்றாகப் போயின. கோதுமை மாவில் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை துரிசு போடுவார்கள். சோப்புச் சுற்றிய கடதாசி, தேயிலைப் பெட்டி ஈயத்தாள், சீனி சுற்றிவந்த நீலக் கடதாசி, போன வருஷத்துப் பஞ்சாங்க மட்டை எல்லாம் மேசைக்கு வரும். கிறிஸ்தவப் பெண்கள் நத்தார் வாழ்த்து வெட்டினார்கள். சைவப் பெண்கள் பொங்கல் வாழ்த்து வெட்டினார்கள். நட்சத்திரம் மிஞ்சினால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும், சூரியன் மிஞ்சினால் அங்கிருந்து இங்கே வரும். யாருடைய மட்டை திறந்தாலும் பதினான்கு தலையும் அதன்மேல் கவிழும்.

தங்கமுத்துவின் மட்டை மட்டும் வாராவாரம் வளர்ந்தது. நீலக் கடதாசியில் பனைகள். ஈயத்தாளில் கிணற்றுத் தண்ணீர், அதன்மேல் தண்ணீர் இறைக்கிற ஈர்க்குத் துலா. கூரை வைத்த சங்கடப்படலை. தென்னோலை பின்னிய கிடுகு வேலிகளைச் சீப்புப் பல் போல வெட்டிக் கொடுத்ததே இரத்தினம்மாதான். அவளுடைய கை அவ்வளவு நிதானம். ஒரு சிக்கல்தான் வந்தது. இரண்டு வளவுக்கும் நடு வேலி, மட்டையின் நடு மடிப்பிலேயே விழுந்தது. மடிப்பில் ஒட்டினால் மூடும்போது வேலி கசங்கும். ஒரு நூலளவு தள்ளி ஒட்டினால்தான் படுத்து எழும்பும் என்றார் ரீச்சர். தங்கமுத்துவின் பக்கம் கிணறும் துலாவும் நெருக்கியடித்து நின்றன. மற்றப் பக்கம் வெறும் முற்றம். தங்கமுத்து வேலியை வெறும் முற்றத்துப் பக்கம் ஒரு நூல் தள்ளி ஒட்டினாள்.

மார்கழிக் கடைசிச் சனிக்கிழமை எல்லோரும் தங்கள் வேலையைக் காட்டினார்கள். திங்கட்கிழமை தபாலில் சேர்த்தால்தான் மலாயாக் கப்பலைப் பிடிக்கும். தங்கமுத்து மட்டையை மேசை நடுவில் வைத்துத் திறந்தாள்.

முதலில் பனைகள் எழும்பின. அவற்றின் கீழிருந்து வேலிகள் எழும்பின. பிறகு வீடுகள், ஒன்றின்பின் ஒன்றாக, விடியற்காலையில் சனம் எழும்புவதுபோல. துலா தானாக ஒரு தரம் தாழ்ந்து நிமிர்ந்தது. கடைசியில் படலை திறந்தது. ஜன்னல் வெயில் கிடுகுப் பல்லுக்குள்ளால் விழுந்து, அசல் ஒழுங்கையில் விழுகிற அதே நிழலை மட்டை மணலில் போட்டது. அதை யாரும் வெட்டி ஒட்டவில்லை. அது தானாகவே வந்து படுத்தது.

சைவப் பெண் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கிறிஸ்தவப் பெண் ஒருத்தி ஜெபத்துக்கு எழும்புவதுபோல எழும்பி நின்றாள், அவளைப் பார்த்து எல்லோரும் எழும்பினார்கள். ஒவ்வொரு வெட்டும் தெரிந்த ரீச்சரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். நாள்தோறும் சாணி மிதித்து நடக்கிற ஒழுங்கை இவ்வளவு வடிவானதா என்று அவரவர் மனதுக்குள் திகைத்துப்போய் நின்றார்கள். யாழ்ப்பாணத்தில் பதினான்கு பெண்கள் இவ்வளவு நேரம் பேசாமலிருந்ததற்கு வேறு பதிவு இருக்கும் என்று தோன்றவில்லை.

பிறகு, மனிதர் மனிதர்தானே, தங்கள் தங்கள் வீட்டைத் தேடினார்கள். வீடு கண்டதும் எல்லையைத் தேடினார்கள்.

இரத்தினம்மா தையல் மேசையிலிருந்து ஒரு இழை எடுத்து, குனிந்து அளந்தாள்.

"தங்கமுத்து, வேலி என்ரை பக்கம் வந்திருக்கு."

"ஒரு நூல்தானே மச்சாள். மடிப்பிலை ஒட்டினால் கசங்கிப்போம்."

"கடதாசியிலை ஒரு நூல். நிலத்திலை போட்டுப் பார், முழம் வரும்."

அவளுக்குக் கோபமே இல்லை. வெட்டிக்கொடுத்த வேலியை இன்னொரு தரம் ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டு, சால்வைக்காரப் பிரக்கிராசியாரின் வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் தங்கமுத்து ரீச்சரோடு தையலறையில் மட்டையைப் பொதி செய்துகொண்டிருந்தாள். கார் வந்து நின்றது. இரத்தினம்மாவை விறாந்தையில் இருத்திவிட்டுப் பிரக்கிராசியார் உள்ளே வந்தார். காலைச் சந்தனம் இன்னும் காயவில்லை. சால்வையைச் சரிசெய்து, தையல் இயந்திரத்தை நீதவானாகப் பாவித்துப் பேசத் தொடங்கினார்.

"இது வெறும் மட்டை இல்லைப் பிள்ளை. எதிராளியின்ரை மனுசி தன்ரை கையாலை வெட்டி ஒட்டின ஒப்புதல். வேலி எங்கடை காணிக்குள்ளை நிக்குதெண்டு நீரே காட்டியிருக்கிறீர். மாசி இருபதிலை தவணை. அதுவரைக்கும் இது என்ரை பெட்டியிலை இருக்கும்."

தங்கமுத்துவின் கை பொதியின்மேல் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

"தை பத்துக்கு முன்னம் அவர் கையிலை கிடையாட்டி, இன்னும் மூண்டு வருசம் ஐயா."

"சட்டத்துக்கு லீவு தெரியாது."

பொதியை இழுத்து எடுத்தார். சான்றை முதலில் தானே பரிசோதிக்கவேண்டும் என்று அறிவித்துவிட்டு, மட்டையைத் திறந்தார்.

பனைகள் எழும்பின. வேலிகள் எழும்பின. பிரக்கிராசியாரின் வாய் அடுத்த வாக்கியத்துக்காகத் திறந்தது. திறந்தபடியே நின்றது. துலா தாழ்ந்து நிமிர்ந்ததும் தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் வைத்தார். சால்வை தோளிலிருந்து வழுகித் தரையில் விழுந்ததையும் கவனிக்கவில்லை. மூடினார். திறந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இன்னொரு தரமும் மூடித் திறந்தார்.

பிறகு ஒழுங்கை திரும்புகிற முடக்கில் தன் வீட்டைக் கண்டார். மேலே நான்கு பச்சை ஜன்னல். முகம் மலர்ந்தது.

ஊரில் அதற்கு மாடிவீடு என்றே பெயர். மேல்மாடியின் முன்சுவர் எழும்பி ஏழு வருஷம் ஆகிறது. சுவருக்குப் பின்னால் இருக்கவேண்டிய மாடி, அடுத்த பெரிய வழக்கு முடிந்ததும் வரும் என்று சொல்லப்பட்டு வந்தது. கார்த்திகை விளக்கீட்டுக்கு வேலையாட்கள் ஏணி வைத்து ஏறி அந்த நான்கு ஜன்னலிலும் விளக்கு வைப்பார்கள். ஒழுங்கையால் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, மேலே ஆட்கள் இருக்கிறார்கள் என்று மரியாதையாகப் போவார்கள். பின்பக்கம் தெரிவது தங்கமுத்துவின் பனங்காணியிலிருந்து மட்டும்தான்.

காணிப் பத்திரங்களையெல்லாம் பின்பக்கம் திருப்பிப் பார்த்தே பழகிய கை. மட்டையையும் திருப்பினார்.

அங்கே அவருடைய மாடி, ஒரு தனிச் சுவராக, பின்னால் ஒரு ஈர்க்கு முண்டின் தயவில் நின்றது. தங்கமுத்து குசும்புக்குச் செய்யவில்லை. கடதாசிச் சுவர் நிற்க மறுத்தது. அசல் சுவர் எப்படி நிற்கிறது என்று போய்ப் பார்த்தாள். பனங்குற்றி ஒன்றை முண்டு கொடுத்திருந்தார்கள். இவளும் அப்படியே கொடுத்தாள்.

"இதை ஆரார் பாத்தவை?" என்றார். குரல் கோட்டுக் குரலாக இல்லை.

"எல்லாரும் பாத்தவை ஐயா. முன்பக்கத்தாலை" என்றார் ரீச்சர்.

"நீதவான் உப்பிடியான சாமானைக் கையிலை எடுத்துத் திருப்பிப் பாப்பாரோ?"

"படிச்ச மனுசன். திருப்பாமல் விடுவாரோ?" என்று சொல்லிவிட்டு ரீச்சர் கத்தரிக்கோலைத் துடைக்கத் தொடங்கினார்.

பிரக்கிராசியார் சால்வையை எடுத்து உதறினார். தேசவழமைச் சட்டத்திலும் உரோமன் டச்சுச் சட்டத்திலும் கடதாசியால் செய்த வேலி வேலியாகக் கொள்ளப்படமாட்டாது என்று விளக்கினார். இதை வழக்குக்குள் கொண்டுவந்தால் கட்சிக்காரிக்கே பாதகம் என்று விறாந்தைக்குக் கேட்கும்படி சொன்னார். ஒரு மனைவியின் வாழ்த்து உரிய காலத்துத் தபாலில் சேர்வது நாகரிகத்தின் கடமை என்றும் ஏதோ வந்தது. கடைசியில் தன்னுடைய காரிலேயே பொதியைத் தபாற்கந்தோருக்கு அனுப்பிவைத்தார்.

காரின் பின்னாசனத்தில் தங்கமுத்துவும் இரத்தினம்மாவும் இருந்தார்கள். இருவருக்கும் அதுதான் முதற் கார்ச் சவாரி. பள்ளம் வரும்போதெல்லாம் பொதியை மடியிலிருந்து தூக்கிப் பிடித்தவள் இரத்தினம்மா. "பனை முறியப்போகுது, ஆறுதலாய் விடு தம்பி" என்று சாரதியை அதட்டிக்கொண்டே போனாள்.

தை முடிவதற்குள் பதில் வந்தது. சிரம்பானில் பதினொரு யாழ்ப்பாணத்தார் தம்பிராசாவின் சின்ன அறைக்குள் வந்து மட்டையைச் சுற்றி நின்றார்களாம். கரவெட்டிக்காரர் ஒருவர், தன்னுடைய ஒழுங்கை அதில் இல்லை என்று தெரிந்தும் கடைசிவரை தேடினாராம். பக்கத்து அறை இருமல்காரர் மட்டை மூடும்வரை இருமவில்லையாம். "லீவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். பங்குனியில் கப்பல். நடு வேலி ஏன் இரத்தினம்மா அக்காவின் பக்கம் தள்ளி நிற்கிறது? கிடுகு மாற்றும்போது பிசகிவிட்டதா? வந்து அளக்கவேண்டும்."

தங்கமுத்து கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். ஆறு வருஷத்துக் கண்ணீர் அசைக்காத மனிதரை ஒரு நூல் கடதாசி கப்பலேற்றியிருக்கிறது. வேலிப் பொட்டுக்குள்ளால் செய்தியைச் சொன்னாள்.

"வரட்டும்" என்றாள் இரத்தினம்மா. "கயிறு நான் கொண்டுவாறன்."

பங்குனிக் கடைசியில் ஒரு காலைப்பொழுது வண்டில் ஒன்று பூவரசடியில் நின்றது. சப்பாத்தும் கோட்டுமாக இறங்கியவர் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, கையில் மட்டையைத் திறந்து பிடித்தபடி ஒழுங்கைக்குள் நடந்தார். இரண்டடி நடப்பார், மட்டையைப் பார்ப்பார், பனையை அண்ணாந்து பார்ப்பார். முடக்கில் மாடிவீட்டைக் கண்டு மட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நடந்தார். வேலியடியில் இரத்தினம்மா கயிற்றோடு நின்றாள்.

"என்ன தம்பி, அளப்பமோ?"

"பொறுங்கோ அக்கா" என்றார் தம்பிராசா, வேலியைத் திரும்பியும் பார்க்காமல்.

படலைக்கு முன்னால் நின்றுவிட்டார். உள்ளே தங்கமுத்து நிற்பது கிடுகுக்குள்ளால் தெரிந்தது. சும்மா தள்ளித் திறக்கிற படலைதான், ஆனாலும் தள்ளினால் பனையும் கிணறும் அவளும் எல்லாம் மடிந்து படுத்துவிடும் என்பதுபோல, அதன் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, மிக மெல்லத் திறந்தார்.