கழுத்தில் வைத்த கை

கஷே உப்புக்கண்டம் தின்றபடி தடம் பார்த்துப் போனான். காலையிலிருந்து வேறெதுவும் வயிற்றுக்குள் போகவில்லை. பாதி மென்றதை விழுங்கினான். அது தொண்டையில் நின்றுவிட்டது.

இருமப் பார்த்தான். இருமல் வரவில்லை. மூச்சும் வரவில்லை.

நூறு தப்படி தள்ளி, புல்லுக்குள் அவன் மச்சான் தெபே குந்தியிருந்தான். கூப்பிடக் குரல் இல்லை. தெபே வழக்கம்போல ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கஷே தன் கழுத்தைப் பிடித்துக் காட்டினான்.

தெபேயின் முகம் மலர்ந்தது. சட்டென்று குப்புறப் படுத்துவிட்டான்.

கலஹாரிப் பாலைவனத்தில் வேட்டைக்குப் போகிறவர்கள் பேசுவதில்லை, கைதான் பேசும். கழுத்தில் கை வைத்தால் ஈலண்ட், கழுத்துத் தோல் தொங்கும் பெரிய மான். ஒன்று விழுந்தால் ஊரே பல நாள் தின்னும். தெபே அம்பை நாணில் வைத்து மான் வருமென்று கஷேக்கு எதிர்ப்புறம் பார்த்துக் கிடந்தான். இனி அவன் அசைய மாட்டான்.

கஷே அவனை நோக்கி நடந்தான். பத்துத் தப்படியில் முழங்கால் மடங்கியது.

போன மழைக்காலத்தில் ஒரு நர்ஸ் ஊருக்கு வந்து, தொண்டையில் ஏதாவது சிக்கினால் என்ன செய்வதென்று செய்துகாட்டினாள். பின்னாலிருந்து கட்டிப்பிடி. தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வை. உள்ளேயும் மேலேயும் குத்தி இழு.

"தனியா இருந்தா?" என்று கேட்டவன் தெபேதான்.

நாற்காலியின் முதுகில் வயிற்றை வைத்து அழுத்தச் சொன்னாள்.

"அப்போ வேட்டைக்கு நாற்காலியும் வேணும். மச்சான், நீ தூக்கு, நான் உக்கார்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கஷேயும்.

பக்கத்தில் யானை சாய்த்த மரம் ஒன்று இடுப்பளவு உயரத்தில் கிடந்தது. அதைப் பிடித்து எழுந்து, தொப்புளுக்கு மேலே படும்படி அதன்மேல் விழுந்தான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி விழுந்தான். கண் இருட்டியது. தூரத்தில் மச்சானின் உள்ளங்கால்கள் தெரிந்தன, வெளுத்து, அசையாமல். மூன்றாம் முறை முழு உடம்பையும் போட்டான்.

இறைச்சி மணலில் விழுந்தது.

மரத்தடியில் உட்கார்ந்து மூச்சை இழுத்தான். தெபே இன்னும் படுத்தே கிடந்தான். இப்போது கூப்பிடலாம். கூப்பிடத் தோன்றவில்லை.

வெகுநேரம் கழித்து தெபே முள்ளைத் தட்டிக்கொண்டு வந்தான்.

"எங்கடா ஈலண்ட்? எறும்பு என் வயித்தையே தின்னுடுச்சு."

"ஓடிப்போச்சு." குரல் கரகரத்தது.

"உன் நாத்தம் பட்டிருக்கும். இல்ல, கனவு கண்டியா?"

தெபே தடம் தேடிக் குனிந்தான். குளம்புத் தடம் எங்குமில்லை. கஷேயின் காலடிகள் இருந்தன, பத்து. பிறகு இரண்டு முழங்கால்கள். மரத்தடியில் கால்விரல்கள் மணலைக் கிளறியிருந்தன, மூன்று இடத்தில். பக்கத்தில் பாதி மென்ற இறைச்சி. அதில் எறும்பு.

மறுபடி முதலிலிருந்து பார்த்தான். பிறகு தான் படுத்துக்கிடந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"மூணு தடவை," என்றான். "நான் அங்கதான இருந்தேன்."

"இருந்தே."

தெபே வில்லைத் தோளில் மாட்டினான்.

"கிளினிக்குக்குப் போவோம். இப்படி அழுத்தினா வயித்துக்குள்ள அடிபடும்னு அந்த நர்ஸம்மா சொன்னா. நீ முன்னால நட."

கஷே முன்னால் நடந்தான். தொண்டை எரிந்தது. கை கழுத்துக்குப் போனது. பின்னால் காலடி நின்றது.

கையை இறக்கினான். காலடி மறுபடி கேட்டது.