முப்பத்தோராவது கிலோமீட்டர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். மூக்கு நுனிகூட இல்லை, அதற்கும் ஒரு விரற்கடை முன்னால் என்பார் என் வீட்டுக்காரர். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் அந்த இரண்டு நாளில் திட்டு வாங்கியவள் என் நாத்தனார், வாங்கியிருக்க வேண்டியவள் நான்.

நானும் அவரும் சைக்கிள் பயணம் நடத்துகிறோம். பாறைக் கடற்கரையை ஒட்டி மூன்று நாள், வழியில் நான்கு பழைய ஊர்கள், ஒரு தடவைக்கு எட்டுப் பேர். அவர் எல்லோருக்கும் பின்னால் கடைசி ஆளாக ஓட்டி வருவார். யாரும் தனியாகப் பின்தங்கிவிடாமல், சங்கிலி கழன்றால் மாட்டிக் கொடுத்து, மூச்சு வாங்கினால் பேச்சுக் கொடுத்துக் கூட்டி வருவது அவர் வேலை. நான் தண்ணீர், வாழைப்பழம், பஞ்சர் சாமான் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊரில் போய் நிற்பேன். வழிச்சீட்டு எழுதுவதும் நான்தான். உள்ளங்கை அகல அட்டை, அதைக் கைப்பிடியில் மாட்டிக்கொள்வார்கள். எத்தனையாவது கிலோமீட்டரில் இடது, எங்கே வலது, எங்கே கல் பாவிய தெரு, எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்று வரிவரியாக இருக்கும். அந்தக் கரையில் பாதி தூரத்துக்குப் போனில் சிக்னல் கிடையாது. அட்டை சொன்னதுதான் வழி.

போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். பதினோரு மாதம் சைக்கிள் சுவரில் தொங்கியது. அவரும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தார். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவன் சைக்கிளில் காற்று குறைவு என்று என்னிடம் புகார் சொல்வார். கடைசியில் டாக்டர் அனுமதி கொடுத்தார், ஆனால் கறாராகக் கொடுத்தார். சமதரை, இலேசான ஏற்றம் பரவாயில்லை. செங்குத்தான ஏற்றத்தில் மிதிக்கவும் கூடாது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறவும் கூடாது. "மீறினா மறுபடி என்கிட்ட வர நேரம் இருக்குமான்னு சொல்ல முடியாது" என்றார். அவர் அதைச் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் சிரிக்கவில்லை.

அவர் திரும்ப ஓட்டிய அந்த முதல் பயணத்தில் அவர் தங்கை, அதாவது என் நாத்தனார், தானும் வருவேன் என்று வந்து ஒட்டிக்கொண்டாள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். லீவு போட்டுவிட்டு வந்தவள் ஒழுங்காக ஓட்டினாளா என்றால் இல்லை. முட்டி வலியாம். முதல் நாள் மற்றவர்கள் வந்து ஐம்பது நிமிஷம் கழித்து, ஆடி அசைந்து வந்து சேர்ந்தாள். பின்னாலேயே அவர். எட்டுப் பேரும் சாப்பிடாமல் காத்திருந்தார்கள்.

"முட்டி வலின்னா வேன்ல ஏறி உக்காரு. உன்னால எல்லாரும் பட்டினி கிடக்கணுமா?" என்று அத்தனை பேருக்கு முன்னாலும் கேட்டேன்.

"சரி அண்ணி" என்று சிரித்தாள். மத்தியானமும் அதே கதை, நாற்பது நிமிஷம் தாமதம்.

இரண்டாம் நாள் தூரம் நாற்பத்தாறு கிலோமீட்டர். மணிக்கூண்டு ஊரிலிருந்து கோட்டை ஊருக்குக் குன்றின் விளிம்பிலேயே போகும் சாலை. ஏழு வருஷமாக அப்படித்தான் போகிறோம். முந்தின நாள் சாயங்காலம் காற்று நிலவரம் பார்த்தேன். நேர் எதிர்க்காற்று, அதுவும் பலமாக. நாற்பத்தாறு கிலோமீட்டர் எதிர்க்காற்றில் அவர் நெஞ்சு என்ன ஆகும் என்று நினைத்ததுமே முடிவு பண்ணிவிட்டேன். சைக்கிள்களை வேனில் ஏற்றிக் கோட்டை ஊருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து திருப்பி ஓட்டுவது. காற்று முதுகைத் தள்ளும். தங்கும் விடுதியின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பழைய சீட்டைக் கீழிருந்து மேலாக எழுதினேன். இடதை வலதாக்கினேன், வலதை இடதாக்கினேன், தூரத்தைக் கழித்துப் போட்டேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

நாத்தனார் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இந்தப் பக்கமா ஒரு தடவைகூட யாரும் ஓட்டலையே அண்ணி. வேன்ல ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?"

"நீ உன் முட்டியப் பாரு. சீட்டை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கோட்டை வாசலில் எல்லோரையும் அனுப்பிவைத்தேன். அந்த வாசலில் வேன் நுழையாது. நான் உள்நாட்டுச் சாலையில் சுற்றிக்கொண்டு மணிக்கூண்டு ஊருக்குப் போய், சதுக்கத்தில் பழத்தை நறுக்கி வைத்துக்கொண்டு நின்றேன். பதினோரு மணிக்கு எட்டுப் பேரும் கும்பலாக வந்து இறங்கினார்கள். முன்னால் ஒரு பையன், காற்றாய்ப் பறக்கிறவன், அவனுக்குப் புயல் என்று பெயர் வைத்திருந்தோம். கைப்பிடியில் வழி காட்டும் ஜி.பி.எஸ். கருவி வைத்திருந்தது அவன் ஒருவன்தான்.

"அக்கா, அந்த ரோடு பிரியற இடத்துக்கு அட்டையில ஒண்ணுமே போடலையே" என்றான். "நல்லவேளை, நான் கருவியப் பாத்து மேல திரும்பினேன். இவங்க எல்லாம் என் பின்னாடி வந்துட்டாங்க."

"எந்த ரோடு பிரியுது?"

"முப்பத்தோராவது கிலோமீட்டர்ல. கீழ போறதுதான் பெரிய ரோடு, அகலமா, நேரா போற மாதிரி இருக்கு. நாம வர வேண்டியது சின்னதா மேல ஒதுங்குது."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. வழக்கமான திசையில் போகும்போது அந்தக் கீழ்ச்சாலை நமக்குப் பின்பக்கத்திலிருந்து ஏறி வந்து நம் சாலையோடு கலந்துவிடும். தலையைத் திருப்பினால்தான் தெரியும். ஏழு வருஷத்தில் நானும் திருப்பவில்லை, அவரும் திருப்பவில்லை. எதிர்ப்பக்கமாக வருகிறவனுக்கோ அது கண்ணுக்கு நேரே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மேஜையில் உட்கார்ந்து இடது வலதை மாற்றியவளுக்கு, மாற்றுவதற்கு அங்கே ஒரு வரியே இல்லை. கைவிடப்பட்ட பழைய துறைமுகம் ஒன்று கீழே இருப்பது தெரியும். அந்தக் கீழ்ச்சாலை அங்கே போய்க் கடலில் முடிந்துவிடும். திரும்ப வர ஒரே வழி, இறங்கிய அதே இரண்டு கிலோமீட்டர். சுவர் மாதிரி நிற்கிற ஏற்றம்.

அண்ணனும் தங்கையும் புயலுக்கு அரை மணி நேரம் பின்னால். போனில் கூப்பிட்டேன், இரண்டு பேருக்கும் போகவில்லை. நறுக்கின பழத்தை அப்படியே போட்டுவிட்டு வேனை எடுத்தேன். அவர் சும்மா உட்கார்ந்து காத்திருக்கிற ஆள் இல்லை. எனக்கு அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து கிலோமீட்டரும் ஒவ்வொரு வளைவிலும் அவர்கள் எதிரே வந்துவிட வேண்டும் என்று பார்த்தேன். ஆடுகள் வந்தன, ஒரு பால் வண்டி வந்தது. சீட்டு எழுதின கையை உடைத்துப் போடலாம் போலிருந்தது.

பிரிவுக்கு வந்து வேனை நிறுத்தினேன். மேலே யாரும் இல்லை. ஓரத்துக்கு ஓடிக் கீழே எட்டிப் பார்த்தேன்.

ஒரு சைக்கிள் ஏறி வந்துகொண்டிருந்தது. இருக்கையை விட்டு எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு, நிதானம் தவறாமல் மிதித்து வருகிறாள். புயல்கூட இறங்கித் தள்ளுகிற ஏற்றம் அது. கடைசி வளைவில் அவள் வேகத்தைக் கூட்டினாள். மேலே வந்து என் முன்னால் நின்றபோதுதான், அது என் நாத்தனார் என்பதை என் மண்டை ஒப்புக்கொண்டது.

"அண்ணன் நல்லா இருக்காரு" என்றாள் முதலில். மூச்சு வாங்கியதே தவிர வார்த்தை தெளிவாக வந்தது. "கீழ சுங்கக் கட்டடத்துல நிழல்ல உக்கார வச்சிருக்கேன். தள்ளிக்கிட்டே ஏறிடறேன்னு கிளம்பினாரு. முன்சக்கரத்த மாட்டற அச்சுக் கம்பி தேஞ்சுபோச்சு, வேன்லேருந்து வேற கொண்டாறேன்னு சொல்லி, உருவி பாக்கெட்ல போட்டுக்கிட்டு வந்துட்டேன். சைக்கிளை விட்டுட்டு அவரு ஒரு அடி நகர மாட்டாரு."

போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"உன் முட்டிக்கு என்ன ஆச்சு?"

"அதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு."

"அப்புறம் ஏன்டி ரெண்டு நாளா..."

அவள் கைப்பிடியில் இருந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "கடைசியா வர்றது அவரு வேலை. ஆனா அவருக்கு முன்னாடி ஒரு ஆளு மெதுவா போனாத்தானே அது வேலை? யாருமே இல்லாம அவரு மட்டும் பின்தங்கி வந்தா, நோயாளின்னு ஆயிடுமே. நாளைக்கே திரும்ப சைக்கிளை சுவத்துல மாட்டிடுவாரு."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எனக்கு அழுகை சாமானியமாக வராது, கோபம்தான் வரும். அன்றைக்கு இரண்டு நாள் கோபமும் தண்ணீராய் இறங்கியது. "உனக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன். அத்தனை பேருக்கு முன்னால உன்ன வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே. இனிமே ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்" என்றேன்.

"ஐயோ, அப்படிப் பண்ணிடாதீங்க அண்ணி. நீங்க திட்டறதாலதான் அவரு நம்பறாரு."

அவள் சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினோம். கூரை பாதி இடிந்த சுங்கக் கட்டடம். அலை வாசல்படி வரைக்கும் வந்து போய்க்கொண்டிருந்தது. அவர் படியில் உட்கார்ந்து, முன்சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆரக்கால்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் நல்ல நிறம். கிட்டே போய் அவர் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். வெயில் சூடு மட்டும்தான் இருந்தது. எந்தச் சாமிக்கு என்று தெரியாமல் எல்லாச் சாமிக்கும் நன்றி சொன்னேன்.

"சீட்டுல தப்பு, என் தப்பு" என்றேன்.

"அத விடு. இவளுக்கு முதல்ல தண்ணி குடு" என்றார். "அந்த முட்டிய வச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் தள்ளிக்கிட்டே ஏறியிருக்கா. நானே போறேன்னேன், கேக்கல. பாவம், நாளைக்கு எப்படித்தான் ஓட்டப் போறாளோ."

நாத்தனார் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியில் மெல்ல உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். நான் குரலை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தினேன்.

"நாளைக்கும் இப்படி ஆடி அசைஞ்சு வந்தேன்னா, உன்ன வழியிலேயே விட்டுட்டுப் போயிடுவேன், பாத்துக்கோ."

"முயற்சி பண்றேன் அண்ணி" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு.

அவருக்கு உடனே கோபம் வந்துவிட்டது. சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். பதினோரு மாதத்துக்கு அப்புறம் அவர் அப்படி நிமிர்ந்து நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அவள ஒண்ணும் சொல்லாத. எவ்வளவு மெதுவா வந்தாலும் வரட்டும். பின்னாடி நான் இருக்கேன்ல" என்றார்.