திருப்பி ஒட்டிய பெட்டிகள்

காலை ஆறு மணிக்கு ஓசூரில் ஐப்பசிக் குளிர் எலும்புவரை இறங்கும். பாகலூர் சாலையை ஒட்டிய தகர ஷெட்டில் அருள்மேரி அன்றைய முதல் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அத்திப்பள்ளிப் பழைய அட்டைக்காரனிடமிருந்து வந்த கட்டு. சோப்பு வந்த பெட்டி, நூடுல்ஸ் வந்த பெட்டி, மிக்ஸி வந்த பெட்டி என்று எல்லாவற்றையும் தட்டையாக அமுக்கிக் கயிற்றில் இறுக்கியிருந்தார்கள். குறடால் பின்னைப் பிடுங்கி, ஈரத்துணியால் ஒட்டிய இடத்தை ஊறவைத்து, கிழியாமல் பிரிக்க வேண்டும். பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பசை தடவி, முழங்காலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அட்டையின் விளிம்பு பிளேடுக்குச் சளைத்ததல்ல. வெட்டிய விரலில் பசை பட்டால் உயிர் போகும். மதியம் சோற்றைப் பிசையும்போது அது இன்னொரு முறை போகும்.

திருப்பிய பெட்டி பார்வைக்குப் புதுசாகத்தான் இருக்கும். அதன்மேல் கறுப்பு மையில் குடைப்படமும் அம்புக்குறியும் தேதியும் போடுவார்கள். உள்ளே ராணுவ லாரிகளுக்கான பிரேக் சாமான்கள் போகும். பட்டாளத்துக்குப் போகும் சரக்குக்கு விதி கடுமை. ஐந்தடுக்குப் புது அட்டை வேண்டும், தண்ணீர் இறங்காத பூச்சு வேண்டும், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அதைக் கட்டியவரின் எண்ணும் தேதியும் குத்திய சீட்டு வேண்டும். முதலாளி மோகன்குமாருக்கு முதல் இரண்டும் சௌகரியமாக மறந்துபோயின. மூன்றாவது மட்டும் மறக்கவில்லை.

அருள்மேரியின் எண் பதினேழு. சீட்டின் நகல் அலுவலகத்துக்குப் போகும். ஒருத்தி வேலைக்கு வந்தாளா இல்லையா என்பதற்கும் அதுதான் சாட்சி. மூன்று நாள் சீட்டு வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். கூலி பெட்டிக்கு இவ்வளவு என்பதுதான். புதுப் பெட்டியில் ஒரு நாளைக்கு நாற்பது கட்டிய கை, திருப்பி ஒட்டத் தொடங்கிய பிறகு இருபதைத் தாண்டவில்லை. அதைக் கூலிக் குறைப்பு என்று யாராவது சொன்னால் முதலாளிக்குக் கோபம் வரும்.

அன்று மதியம் ஒரு லாரி திரும்பி வந்தது. சுமை இறக்கும் முனிவேல் தார்ப்பாயை விலக்கியதும் புளித்த வாடை அடித்தது. ராணுவக் கிடங்கிலிருந்து திருப்பி அனுப்பிய நாற்பத்திரண்டு பெட்டிகள், எல்லாம் காலி. மழைக்காலத்தில் அடுக்கின் அடியிலிருந்தவை ஈரம் குடித்து நசுங்கி, மேலிருந்தவை சரிந்து, உள்ளே இருந்த சாமானெல்லாம் துரு ஏறிவிட்டதாம். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கிழிந்த ஓரங்களின் வழியாக உள்ளே சோப்புப் படம் தெரிந்தது.

சற்று நேரத்தில் முதலாளியின் அறைக்கு அருள்மேரியைக் கூப்பிட்டார்கள்.

"உக்காரும்மா" என்றார் மோகன்குமார். பத்து வருஷத்தில் அவர் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மேசைமேல் பதினொரு சீட்டுகள் கிடந்தன. எல்லாவற்றிலும் பதினேழு. பக்கத்தில் கம்ப்யூட்டரில் அடித்த ஒரு தாள் இருந்தது.

"கிழிஞ்ச பொட்டில பதினொண்ணு உன்னுது. நாளைக்குப் பத்து மணிக்கு மிலிட்டரி டிப்போலேருந்து ஆபீசருங்க வராங்க. கட்டுனது யாருன்னு கேக்கறாங்க."

"பழைய அட்ட வாங்கியாந்தது யாருன்னு கேக்கலீங்களா சார்?"

அவர் முகம் மாறவில்லை. "நான் வாங்குனது உள்ளூர் சரக்குக்கு. நீ அவசரத்துல மிலிட்டரி சரக்குக்குப் போட்டுட்ட. லெட்டர்ல அப்படித்தான் எழுதியிருக்குது. கையெழுத்துப் போட்டுட்டு ரெண்டு மாசம் ஊட்ல இரு. நானே கூப்புடறேன்."

"போடலைன்னா?"

"ஆர்டர் போயிடும். இருவத்தெட்டு பொம்பளைங்க ரோட்டுக்கு வருவாங்க, உன்னால. மிலிட்டரி மேட்டரும்மா. போலீசு, கேசுன்னு போவும்."

கழுவுற மீனில் நழுவுற மீன் அவர். அருள்மேரி பதில் தேடிக்கொண்டே சீட்டுகளைப் பார்த்தாள். பதினொன்றிலும் தேதி ஆகஸ்ட் ஐந்து, ஆறு, ஏழு. அந்த மூன்று நாளும் அவள் ஷெட்டுக்கே வரவில்லை. மகள் லிபியாவுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டு, அரசு ஆஸ்பத்திரி வார்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பெயரை அடித்துவிடக் கூடாதென்று, கூட வேலை செய்யும் ஜோதிமணியும் மற்றவர்களும் தங்கள் பெட்டிகளில் சிலவற்றுக்குப் பதினேழு குத்தினார்கள். தங்கள் கூலியில் விட்டுக்கொடுத்து அவள் வேலையைக் காப்பாற்றினார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே ஒருவர் செய்த புண்ணியம் இன்னொருவர் தலையில் பழியாக விடிந்திருந்தது.

"நான் அன்னைக்கு வேலைக்கே வரல சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் தப்பித்துவிடலாம். ஆனால் அடுத்த கேள்வி, அப்படியானால் முத்திரை குத்தியது யார் என்பதாக இருக்கும்.

"காலைல சொல்றேன் சார்" என்று எழுந்துவிட்டாள்.

ஐந்தரை மணிக்குப் பெண்கள் குழாயடியில் பசை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் லெட்டரைப் பற்றிச் சொன்னாள். எல்லோரையும்விட மூத்தவளான சரோஜம்மாள்தான் கேட்டாள்.

"நீ என்னா நெனைக்கற?"

"போட்டுடலாம்னுதான் இருக்கறேன்க்கா. ஒருத்தி போனா மிச்சப் பேரு பொழைச்சுக்கலாம்."

"சீட்டுல தேதி என்னா போட்டிருந்துச்சுக்கா?" என்றாள் ஜோதிமணி, நிமிராமல்.

"பாக்கலடி."

ஜோதிமணி ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தாள். கை நிறைய சோப்பை அள்ளிக்கொண்டு, பசை போன பின்னும் வெகுநேரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

முனிவேல் அந்தப் பக்கமாக வந்து குரலைத் தாழ்த்தினான். "காலைல ஏழு மணிக்கு அத்திப்பள்ளி அட்டக்காரன் வண்டி வருது. அந்த நாப்பத்திரண்டையும் ஏத்திடச் சொல்லிட்டாரு. பொட்டியெல்லாம் மக்கிப் போச்சுன்னு ஆபீசருங்களுக்குச் சொல்லுவாராம்."

பெட்டிகள் போய்விட்டால் எல்லாமே பழைய அட்டை என்பதற்கு வேறு சாட்சி இல்லை. பதினேழு குத்திய சீட்டு மட்டும் மிஞ்சும். எல்லோருக்கும் அது புரிந்தது. புரிந்து என்ன செய்ய? ஆளுக்கொரு பக்கமாகப் பஸ்ஸைப் பார்க்கப் போனார்கள்.

மறுநாள் வானம் மூடிக் கிடந்தது. அத்திப்பள்ளி வண்டி ஏழு மணிக்கே வந்து நின்றது. அதன் முகப்பில் தாளை விரித்து மோகன்குமார் பேனாவை நீட்டினார். அருள்மேரி வாங்கிக்கொண்டாள். வீட்டில் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மனம் மரத்துப் போயிருந்தது. சீக்கிரம் முடிந்தால் போதுமென்று இருந்தது.

"கொஞ்சம் இரு அக்கா" என்றாள் ஜோதிமணி.

நசுங்கிய பெட்டி ஒன்றைக் குவியலிலிருந்து உருவி, முதலாளியின் முன்னால் வைத்து ஓரத்தைப் பிரித்துக் காட்டினாள்.

"இது என் ஒட்டு சார். நான் பசைய மூணு கோடா இழுப்பேன். அக்கா ஒரே பட்டையா தடவுவாங்க. அந்த மூணு நாளும் அக்கா ஆஸ்பத்திரில இருந்தாங்க. முத்திரை குத்துனது நாங்க."

மோகன்குமார் தாளை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"அப்ப நீ போடு. எனக்கு வேண்டியது ஒரு பேரு. யாருதா இருந்தா என்ன?"

மனிதர் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார். ஒருத்தி போனால் மற்றவர்கள் பிழைக்கலாம் என்று ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டிருந்தவர்களுக்கு, அந்த ஒருத்தி யாராகவும் இருக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. சரோஜம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஒரு பேரு ஆவாது சார். இருவத்தெட்டும் எழுதுங்க. மொதல்ல உங்க பேரு."

"வெளையாடறீங்களா? ஷெட்டு மூடிப் போயிடும். அப்புறம் சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"தெரியாது சார்."

உண்மையாகவே அவளுக்குத் தெரியாது. அங்கிருந்த யாருக்கும் தெரியாது.

"முனிவேலு, ஏத்துடா."

முனிவேல் தூக்கிய இரண்டு பெட்டிகளையும் அப்படியே தரையில் வைத்துவிட்டு, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தான். "இடுப்பு புடிச்சுக்கிச்சு சார்" என்றான். நேற்றுவரை அவனுக்கு இடுப்பு பிடித்ததே இல்லை.

மோகன்குமார் போனை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் போய்க் கன்னடத்தில் பேசி, பெட்டிகளை ஏற்ற வேறு ஆட்களை வரச் சொன்னார். ஆட்கள் வர எப்படியும் இரண்டு மணி நேரமாகும்.

அருள்மேரி பேனாவைத் தாளின் மேலேயே வைத்தாள். ஈரத்துணியை எடுத்து ஜோதிமணியின் பெட்டியில் அந்த மூன்று பசைக் கோடுகளையும் நனைத்தாள். பத்து வருஷப் பழக்கம், கை தானாக வேலை செய்தது. ஒட்டு விட்டதும் அட்டையைத் திருப்பி மடித்து நிறுத்தினாள். குடையும் அம்பும் உள்ளே போயின. குழந்தை சிரிக்கும் சோப்புப் படம் வெளியே வந்தது.

சொல்லாமலே மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பிரிப்பதும் திருப்புவதும்தானே அவர்கள் பிழைப்பு. அவரவர் ஒட்டு அவரவருக்குத் தெரிந்தது. "இது என்னுது", "இது உன்னுதுடி" என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். எட்டே கால் மணிக்குள் நாற்பத்திரண்டு பெட்டிகளும் அதிகாரிகள் வண்டி நிற்கும் இடத்தில் சோப்பும் நூடுல்ஸும் மிக்ஸியுமாக வரிசையாக நின்றன. இத்தனை வருஷத்தில் முதலாளி சொல்லாமல் அவர்கள் செய்த முதல் வேலை அது.

அத்திப்பள்ளி வண்டிக்காரன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, வெறும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

"நாளையிலேருந்து ஒருத்தியும் இந்தப் பக்கம் வரக் கூடாது" என்றார் மோகன்குமார் கேட்டிலிருந்து. ஒருத்தியும் நகரவில்லை. அதிகாரிகள் வந்தால் பெட்டியைப் பார்ப்பார்களா, முதலாளியோடு அறைக்குள் போய் டீ குடித்துவிட்டுப் போவார்களா, யாருக்குத் தெரியும்? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. கடைசியில் கேசு இவர்கள்மேலேயே திரும்பினாலும் ஆச்சரியமில்லை.

தூறல் விழுந்தது. பெட்டிகள் இன்னொரு மழை தாங்காது. சரோஜம்மாள் உள்ளே ஓடிப்போய் பாலித்தீன் சுருளை உருட்டிக்கொண்டு வந்தாள். பட்டாளத்துச் சாமானுக்கென்று வாங்கி, வெளியே எடுக்காமலே வைத்திருந்த கெட்டிப் பாலித்தீன். இருபத்தெட்டுப் பேரும் அதை விரித்து, பெட்டிகளுக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். அதற்கு வெளியே நின்ற அவர்கள் நனைந்துகொண்டிருந்தார்கள்.

"தேதியப் பாத்துட்டுத்தானக்கா பாக்கலன்னு சொன்ன?" என்றாள் ஜோதிமணி.

"கம்முனு இருடி" என்றாள் அருள்மேரி. "அந்த மூலைய இழுத்துப் புடி. உன் பொட்டி நனையுது பாரு."