ஒரே இனத்தில் ஆறு

வளர்ப்பு மீன் கடையில் இருந்தவர்கள்: அத்தான், அவர் மகள் மேஸ்திரி, கடைக்காரர், நான். வாசலில் ஒரு பூனையும் படுத்திருந்தது. வாங்க வந்தவர்களைக்கூட அது மீனைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தது. எந்த விஷயமானாலும் அக்கா முதலில் யார் யார் இருந்தார்கள் என்றுதான் கேட்பாள். அந்தப் பழக்கத்தில் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மேஸ்திரி என்பது நான் வைத்த பெயர். பதினோரு வயதில் அவள் ஆளை வேலை வாங்குவதைப் பார்த்தால் வேறு பெயர் வராது. நான் அவளுடைய தாய்மாமன். பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்த்து, முடியாமல் விட்டுவிட்டு, பகலில் விழித்துக்கொண்டு சும்மா கிடப்பவன். அதனால் அவளை அப்பாவிடம் கூட்டிப்போய்க் கூட்டிவரும் வேலை என் தலையில் விழுந்தது.

அக்காவும் அத்தானும் பிரிந்து இருக்கிறார்கள். அத்தான் குடிப்பவரில்லை, கை நீட்டுபவரில்லை. அவர் வியாதி வேறு. எதைக் கேட்டாலும் "ஆச்சு" என்பார். பள்ளிக்கூடத்தில் பேசியாயிற்றா? ஆச்சு. குழாய்க்காரனுக்குச் சொல்லியாயிற்றா? ஆச்சு. கேட்பவர் முகம் அந்த நிமிடம் வாடக்கூடாது, அவ்வளவுதான். மறுநாளும் குழாய் ஒழுகும். பல வருஷம் அதைத் துடைத்துவிட்டு அக்கா ஒருநாள் மகளோடு கிளம்பி வந்துவிட்டாள்.

இப்போது அக்காவுக்கு வேறு ஊருக்கு மாற்றல். அடுத்த வாரம் போகிறார்கள். மேஸ்திரி ஒரே ஒரு ராத்திரி அப்பா வீட்டில் தானாக விரும்பித் தங்கினால், இனி லீவுக்கெல்லாம் அனுப்புவதாக அக்கா சொல்லியிருந்தாள். தங்காவிட்டால் வற்புறுத்த மாட்டாள். மேஸ்திரி அதுவரை தங்கியதே இல்லை. பொழுது சாயும்போதே "மாமா, போலாம்" என்பாள். அத்தான் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டதில் அவளே ஒரு வழி சொன்னாள். அங்கே மீன் தொட்டி வேண்டும், அதில் கோரி இருக்க வேண்டும்.

கோரி என்கிற கோரிடோரஸ், கட்டைவிரல் நீளக் கெளுத்தி. மீசையால் மணலைக் கிளறிக்கொண்டே அலையும். கூட இருக்கும் மீன்களை ஒன்றும் செய்யாது. கூட்டமாக இருந்தால் பிழைக்கும், தனியாக விட்டால் ஒரு மூலையில் ஒளிந்து கிடந்தே செத்துப்போகும். இதெல்லாம் மேஸ்திரி பஸ்ஸில் எனக்கு எடுத்த பாடம். அத்தான் அன்றைக்கே தொட்டி வாங்கினார். ஒன்றரை மாதமாக அது தண்ணீரும் செடியும் நாலைந்து கப்பி மீன்களுமாக ஓடிக்கொண்டிருந்தது. இன்று கோரி வாங்கும் நாள்.

கடையில் சுவர் முழுக்கத் தொட்டிகள். தரை ஈரம். ஏர் பம்புகளின் இரைச்சலில் எல்லோரும் கொஞ்சம் சத்தமாகவே பேச வேண்டியிருந்தது.

"இதுல ஒண்ணு, அந்த வெள்ளையில ஒண்ணு, அங்க கண்ணு கறுப்பா பாண்டா மாதிரி இருக்கே, அதுல ஒண்ணு," என்றார் அத்தான். "கலர் கலரா இருக்கும் கண்ணு."

"ஒரே இனத்துல ஆறு," என்றாள் மேஸ்திரி.

"ஆறும் ஒரே மாதிரின்னா எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்கு எதுக்குத் தெரியணும்? அதுங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

கடைக்காரர் சிரித்தார். "சார், நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க. இன்னைக்கு வியாபாரம் பாப்பாவோடதான்."

அவள் புள்ளி போட்ட வகையைக் காட்டினாள். தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியில் விரல் படாமல் ஒவ்வொன்றாகச் சுட்டினாள்.

"இது. அதோ மேல போய் காத்து குடிச்சிட்டு வருதே, அது. இது வேணாம், மீசை தேஞ்சிருக்கு. அதுக்கு வயிறு ஒட்டியிருக்கு, வேணாம்."

"தீனி போட்டா வயிறு சரியாயிடும் பாப்பா."

"அப்ப நீங்க போடலையா?"

கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வீட்டுல எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"சமாளிக்கிறதில்ல. சொன்னதைச் செஞ்சிடுவோம்," என்றேன்.

வலையில் பிடித்தால் செட்டை முள் மாட்டிக் கிழியும், கப்பால் மொள்ளுங்கள் என்றாள். கடைக்காரர் வலையை வைத்துவிட்டுக் கப்பை எடுத்தார். மொண்டுகொண்டே அத்தானிடம் கேட்டார், "கீழ கல்லா, மணலா?"

"மணல். நைசா சலிச்சது."

"தொட்டி ஓட ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆச்சா?"

"ஆச்சு, மேலயே ஆச்சு."

"ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கிஞ்சைக் கழுவலையே?"

"தொடவே இல்லை," என்றார் அத்தான். உடனே தீனிப் பாக்கெட் அடுக்கியிருந்த பக்கம் போய் நின்றுகொண்டு என்னைக் கண்ணால் கூப்பிட்டார்.

போனேன். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், நேத்து எல்லாத்தையும் கழுவிட்டேன்."

"எல்லாத்தையும்னா?"

"தண்ணி, மணல், ஸ்பாஞ்சு. அந்த ஸ்பாஞ்சு காப்பி மண்டி மாதிரி இருந்துச்சுடா. அவ பாத்தா என்ன நினைப்பா? உங்கக்கா எப்பவும் சொல்வாளே, அழுக்கு வீடுன்னு. குழாயடியில வச்சு வெள்ளையாகுற வரைக்கும் பிழிஞ்சேன்."

அந்த அழுக்கில்தான் மீன் கழிவின் விஷத்தைத் தின்கிற பாக்டீரியா இருக்கிறது. அது வளரத்தான் ஒன்றரை மாதம் காத்திருந்தது. அது போனால் மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சு முட்டிச் சாகும். எனக்கே இது தெரியும். அவருக்கும் அவள் சொல்லியிருந்தாள். சொன்னபோது தலையாட்டியிருப்பார்.

"அப்ப இன்னைக்கு மீன் வேணாம்னு சொல்லிடுங்க," என்றேன்.

"சொன்னா? இப்படியே உன்கூடக் கிளம்பிடுவா. அடுத்த வாரம் வண்டியில சாமான் ஏத்துறாங்க. எனக்கு இனிமே வேற நாள் இல்லடா."

"மீன் செத்தா?"

"உடனே சாகாதுல்ல? நாளைக்குக் காலைல வரைக்கும் தாங்காதா? அவ எழுந்து பல் தேச்சுட்டுக் கிளம்பற வரைக்கும்." சொல்லி முடித்தவர் வாயைப் புறங்கையால் அழுத்திக்கொண்டார். தான் பேசியது தனக்கே கேட்டிருக்க வேண்டும். "நீ சொல்லிடாத மச்சான். உன் கால்ல வேணா விழறேன்."

நான் சொல்லவில்லை. கூட்டிப்போவதும் கூட்டிவருவதும்தான் என் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு பக்கத்துத் தெருவில். ஆறு மீன்களும் இருந்த பையைத் துண்டில் சுற்றி மேஸ்திரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். அத்தான் பேசிக்கொண்டே வந்தார். ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று, கொசு வராது. ஃபேன் சத்தம் போடாது. புதுத் தலையணை. பேசப் பேசப் பையைத் தாங்குகிறேன் என்று கை வேறு நீட்டினார்.

"ஆட்டாதீங்கப்பா. ரொம்பப் பயந்தா அதுங்களே தண்ணியில விஷத்தை விட்டுடும். அந்த விஷத்துலயே செத்துப்போகும்."

"யாரு விட்ட விஷம்?"

"அதுங்க விட்டதுதான்."

அத்தான் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். மூன்று மாடி ஏறும்போது அவர் மூச்சு மட்டும் கேட்டது.

ஒரு அறை, ஒரு சமையலறை. தொட்டி கட்டிலுக்கு எதிரே இருந்தது. அப்படிப் பளபளத்தது. மணல் சர்க்கரை மாதிரி. கப்பிகள் எல்லாம் மேலே வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மேஸ்திரி நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. பையை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டாள். சூடு சமமாவதற்காக. பிறகு மண்டியிட்டு, பின்பக்கம் ஃபில்டரைப் பார்த்தாள்.

"புது ஸ்பாஞ்சாப்பா?"

பதிலை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆமாம் என்றால் போதும். அத்தானின் உதடு அதற்காகத் திறந்ததை நான் பார்த்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு கட்டில் விளிம்பில் உட்காரப் போனவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இல்ல. பழசுதான். கழுவிட்டேன்."

"எப்ப?"

"நேத்து."

"தொட்டித் தண்ணியில நனைச்சா?"

"குழாய்ல. மணலையும்தான். கடையில பொய் சொன்னேன். மாமாவுக்குத் தெரியும்."

என்னையும் இழுத்துவிட்டார். மேஸ்திரி என் பக்கம் திரும்பினாள். "தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

அவள் மறுபடி அப்பாவைப் பார்த்தாள். "எதுக்குப்பா கழுவுனீங்க?"

"அழுக்கா இருந்துச்சு. நீ பாத்துட்டு, தங்க மாட்டேன்னு..." அத்தான் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையையே பார்த்துப் பேசினார். "நான் மீனைத் திருப்பிக் குடுத்துடறேன் கண்ணு. கடைக்காரர் என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். நீ இன்னைக்குத் தங்கவேணாம். போயிடு. வேணும்னா திட்டிட்டுப் போ. ஆனா ஒரேயடியா வராம இருந்துடாத. எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல."

அழுதார். பார்க்க நன்றாக இல்லை. மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டார். நான் சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். மேஸ்திரி அழவில்லை, கிட்டேயும் போகவில்லை. பைக்குள் ஆறும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு அடியில் கிடந்தன. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பத் தூக்கிட்டுப் போனா வழியிலயே செத்துடும்," என்றாள் கடைசியில். "கடைக்காரர் தொட்டியில ஓடுற ஸ்பாஞ்சு ஒண்ணு கேளுங்க. பழசு, அழுக்கோட. அவர் தண்ணியிலயே முக்கிப் பையில போட்டுக் கொண்டுவரணும். காயக்கூடாது. அதை நம்ம ஃபில்டர்ல வச்சா பிழைச்சாலும் பிழைக்கும்."

"குடுப்பாரா?"

"தெரியாது. என்ன நடந்துச்சுன்னு அப்படியே சொல்லிக் கேளுங்க."

அத்தான் எழுந்தார். கதவு வரை போனவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. போய்விட்டுத் திரும்பி வந்தால் வீடு காலியாக இருக்கும் என்ற பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"நான் வர்றதுக்குள்ள..."

"மாமா, நீயும் போ," என்றாள் மேஸ்திரி. "தனியா விட்டா அங்க போய் வேற கதை சொல்வார்."

"உன்னைத் தனியா விட்டேன்னு தெரிஞ்சா உங்கம்மா என் தோலை உரிச்சுத் தொங்கவிட்டுடுவா."

"உள்ள பூட்டிக்கிறேன். இதுங்களை யார் பாக்குறது? ராத்திரியெல்லாம் யாராச்சும் பாத்துட்டே இருக்கணும், தண்ணி மாத்தணும். அப்பாவால தனியா முடியாது." ஒரு குவளையை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் மொண்டு பைக்குள் ஊற்றினாள். "நான் இன்னைக்கு வரலன்னு அம்மாகிட்ட சொல்லிடு. நாளைக்குச் சாயந்தரம் வந்து கூட்டிட்டுப் போ."

அத்தானுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. கோபமாத்தான் இருக்கேன்," என்றாள். "கடையைச் சாத்திடப்போறார், போங்க."

இரண்டு பேரையும் முதுகில் கை வைத்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினாள். படியில் கால் வைக்கும்போதே பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாவி ஒருமுறை சுற்றியது, இன்னொருமுறை சுற்றியது, தாழ்ப்பாளும் விழுந்தது.