முன்னால் ரேடியல், பின்னால் நைலான்

என் டயர் கடைக்கு வருகிறவர்கள் வாங்குவது பாதி டயர், பாதி திட்டு. அதிலும் பைக்கின் முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்று கலந்து மாட்டச் சொல்கிறவன் தொலைந்தான். இரண்டுக்கும் உள்ளே நூல் ஓடும் விதமே வேறு. வளைவில் வண்டி சாயும்போது ஒன்று வளைந்துகொடுக்கும், மற்றது விறைத்துக்கொண்டு நிற்கும். “ரெண்டும் ரப்பர்தானேண்ணே” என்று போன வாரம் ஒருவன் பல்லைக் காட்டினான். வாசலோடு துரத்தி விட்டேன்.

அப்படிப்பட்ட நான்தான் என் அக்காவின் பைக்கில் அதைச் செய்தேன்.

அக்கா நர்ஸ். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் வீடு தேடிப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவாள். ஏற்றமும் வளைவுமான தெருக்கள். பைக் இல்லாமல் நடக்கிற காரியமில்லை. படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்ததில் ஐந்து மாதம் வீட்டில் கிடந்தாள். திங்கட்கிழமை மறுபடி வேலையில் சேரலாம் என்றதும் குழந்தை மாதிரி குதித்தாள்.

சனிக்கிழமை வண்டியைப் பார்த்தால் முன் டயர் வழுவழுவென்று மொட்டை. அதே அளவு நைலான் டயர் வியாழக்கிழமைதான் வரும் என்றார்கள். கடையில் அந்த அளவில் இருந்தது, யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன ரேடியல் ஒன்றுதான், கிட்டத்தட்டப் புதுசு. மொட்டை டயரோடு அவளை அனுப்ப மனசு கேட்கவில்லை. மூன்று நாள்தானே என்று அதை மாட்டிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊர் முழுக்க என் மானத்தை வாங்கிவிடுவாள். “மெதுவா போக்கா, மெதுவா போக்கா” என்று மட்டும் வாய் ஓயாமல் சொன்னேன்.

புதன்கிழமை மதியம் கடைக்கு வந்தாள். டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

“டேய், வண்டிய வித்துடலாம்னு இருக்கேன்.”

“ஏன், என்னாச்சு?”

“வளைவுல சாய்ச்சா நெளியுதுடா. புடிக்கவே முடியல. எலும்பு கூடிடுச்சுன்னு டாக்டர் சொல்றாரு, ஆனா கை போச்சு. நாளைக்கு ஆபீஸ்லயே உக்காந்து ஃபைல் பாக்குறேன்னு எழுதிக் குடுத்துடப் போறேன்.”

என் கண் தானாக வண்டியின் முன் டயருக்குப் போனது.

“அதெல்லாம் பழகிடும்க்கா...”

“சும்மா இரு. நீயே மெதுவா போ, மெதுவா போன்னு எத்தனை தடவை சொன்ன? என் கை மேல உனக்கே நம்பிக்கை இல்லைன்னு அப்பவே புரிஞ்சுது.”

மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் புது டயர் வந்ததும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்குள் அவள் எழுதிக் கொடுத்திருப்பாள். தன் கையை அவள் அப்படிப் பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

“அக்கா, உன் கைக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் முன்னாடி ரேடியல மாட்டினேன். பின்னாடி நைலான். அதான் நெளியுது. எவன் ஓட்டினாலும் நெளியும்.”

அவள் என்னையே பார்த்தாள். “நீயா? இதுக்காக எத்தனை பேர இந்த வாசல்ல நிக்க வச்சு ஏசியிருக்க?”

“கணக்கே இல்லக்கா. நீ விழுந்திருந்தா...” அவள் மடியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். “புது டயர் வர்ற வரைக்கும் இந்த வண்டிய நீ தொடக் கூடாது. நாளைக்கு நானே உன்ன வீடு வீடா கூட்டிட்டுப் போறேன்.”

“இன்னொரு தடவை சொல்லு.”

“வீடு வீடா...”

“அது இல்லடா. மொதல்ல சொன்னது.”

“உன் கைக்கு ஒண்ணும் இல்லக்கா.”

எலும்பு முறிந்த அன்றுகூட அழாதவள், அத்தனை டயருக்கு நடுவே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நான் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றேன். அழுதுகொண்டே எழுந்தவள், அந்த வலது கையாலேயே என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். கண்ணில் பொறி பறந்தது.

“வலிக்குதா?” என்றாள்.

“செமையா வலிக்குதுக்கா” என்றேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.