விலாசம் தராத சித்தப்பா

வெளிநாட்டில் ஊர் சுற்றப் போனவள் அங்கே ஒரு பழைய பைக்கை விலை பேசி முடித்ததிலிருந்து, அந்த ஊரிலேயே குடியிருக்கும் சித்தப்பாவின் அலட்டல் தாங்க முடியவில்லை. "பதிவு ஆபீஸ்ல எல்லாரும் நம்ம ஆளுங்க. நீ வாயே திறக்காதே" என்று வழியெல்லாம் அளந்துகொண்டு வந்தார். உள்ளே ஒருத்தரும் அவரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"வெளிநாட்டுக்காரங்க பேர்ல பதியணும்னா உள்ளூர் விலாசம் வேணும். அந்த வீட்டுக்காரர் கையெழுத்துப் போடணும்" என்றார் குமாஸ்தா.

அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "நீ எவனையாவது இடிச்சுட்டா போலீஸ் என் வீட்டுக்குத்தானே வரும்? சித்தி வேற பயந்தவ."

சித்தி பயந்தவளாம். நேற்றுதான் பக்கத்து வீட்டுக்காரனை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். இந்த மனுஷனையா அப்பா வாய்க்கு வாய் பெரிய ஆள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்?

வண்டியை விற்ற டீச்சரம்மாவும் கூட வந்திருந்தார். "என் விலாசத்தைப் போட்டுக்கங்க" என்று பேனாவை எடுத்தார். "இந்தப் பொண்ணு ஓட்டும்போது பின்னால உட்கார்ந்து பார்த்தேன். நிதானமா ஓட்டுது."

நம்பர் கிடைத்து வெளியே வந்ததும் சித்தப்பா பின்சீட்டைத் தட்டிப் பார்த்தார். "நல்ல வண்டிதான். என்னை வீட்டுல விட்டுடு."

"எதிர்லயே பஸ் ஸ்டாப் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் டீச்சரம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.